ஒண்ணுமில்லக்கா

ஆலங்காயம்
9 ஜூன் 2024

நதியாவுக்கு ஆன்மேரி எழுதுவது.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் முறைப்பாய், அதனால் கேட்கவில்லை. உன் போனை எப்போது அடித்தாலும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று யாரோ ஒருத்தி சொல்கிறாள். உங்கள் ஊரில் டவர் இல்லாதது பாதி காரணம். பாறை மேல் ஏறி நின்று போனைப் பார்க்க உனக்கு மனசு இல்லாதது மீதி. அதனால் ஜீப் ஓட்டும் தனசேகரன் அண்ணனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவர் சீட்டுக்கு அடியில் போட்டு மறந்துவிடக்கூடாது என்று என் அம்மா பிலோமினாள் ஒரு பொட்டலம் முறுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள். முறுக்கு மட்டும் வந்து கடிதம் வராவிட்டால் அவர் சட்டையைப் பிடி என்று எழுத வந்தேன். கடிதம் வராவிட்டால் இதை எப்படிப் படிப்பாய்.

விஷயம் இதுதான். இங்கே ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு விழா. என்னைப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள், எனக்கு மேடையில் என்ன வேலை என்றேன். அந்த டீச்சர் விடவில்லை. "ஜில்லா கப்பு வாங்கின கபடி டீமுக்கு கேப்டன் நீங்கதானே?" என்று சொல்லித் தலைப்பையும் கையில் கொடுத்துவிட்டார். 'ஓர் அணியை வெற்றி பெறச் செய்யும் பண்புகள்.'

ஒற்றுமை என்று எழுதினேன். ஒழுக்கம் என்று எழுதினேன். வலி தாங்குவது என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. நம் டீமில் பேச்சு கம்மி, மூளை அதிகம் என்றால் அது நீதான். இரண்டு வரி எழுதி அனுப்பு, என் பேர் போட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

கப்பு எங்கள் வீட்டு பீரோ மேல் இருக்கிறது. அம்மா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகுமுன் அதைத் துடைக்கிறாள். கப்போடு நாம் எடுத்த போட்டோவை மட்டும் நான் மாட்டவில்லை. அதில் கீதாஞ்சலி நடுவில் உட்கார்ந்து சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவள் நம்மோடு இருந்தது ஒரு சாயங்காலம்தான்.

நதியா, திரும்பி வா. ஞாயிறுதோறும் காவலூர் மைதானத்தில்தான் பிராக்டீஸ். உன் இடத்தில் ஈஸ்வரி நிற்கிறாள். ஆனால் லெஃப்ட் கார்னருக்கு இன்னும் உன் பேர்தான். கோச் மோகன் சார் "நதியா, உள்ள போ" என்று கத்துகிறார், ஈஸ்வரி உள்ளே போகிறாள். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

ரைட் கார்னர்தான் காலி. கீதாவின் தங்கை அன்பரசி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "அக்கா, எங்க அக்கா நின்ன எடத்துல நான் நிக்கறேன்" என்று கேட்டாள். நீ அவர்கள் எதிர் வீட்டுக்காரி. உன்னிடம் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று தோன்றியது.

உன்
ஆன்மேரி

—

நெல்லிவாசல்நாடு
23 ஜூன் 2024

ஆன்மேரி அக்காவுக்கு நதியா.

முறுக்கு வந்தது. கடிதமும் வந்தது. முதல் மழை விழுந்துவிட்டது, சாமை விதைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால்தான் பதில் தாமதம். வேறு காரணம் இல்லை என்று சொன்னால் பொய்.

பண்புகள் கேட்டிருக்கிறீர்கள். மேடையில் ஏறிச் சொல்ல எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

நாங்கள் முதன்முதலில் மலையிலிருந்து இறங்கி உங்களோடு ஆடினோமே, அன்றைக்குக் கீதாவின் முழங்கால் தோல் உரிந்து தொங்கியது. நீங்கள் ஓடிவந்து "இன்னாடி ஆச்சு?" என்றீர்கள். அவள் "ஒண்ணுமில்லக்கா" என்றாள். நீங்கள் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தீர்கள். "பாருங்கடி, கால்ல ரத்தம் ஊத்துது, ஒண்ணுமில்லயாம். மலைக்காரிங்க இரும்புடி." அன்றிலிருந்து அதுவே நம் டீமின் கூச்சலாகிவிட்டது. யார் விழுந்தாலும் எழுந்து கை தட்டி "ஒண்ணுமில்ல" என்று கத்த வேண்டும். எதிராளி அதைக் கேட்டுப் பயந்தார்கள். அதனால் ஜெயித்தோம். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. வாசலில் நின்று ஒருவர் "உடம்புக்கு இன்னா?" என்று கேட்டால் நாங்கள் "ஒண்ணுமில்ல" என்போம். உங்களுக்கு ஏன் சிரமம், நீங்கள் போகலாம் என்று அதற்கு அர்த்தம். கேட்டவர் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். புருஷன் அடித்தது, கரு கலைந்தது, எல்லாம் அப்படித்தான் வெளியே வரும். நின்றுகொண்டு கேட்கிறவர்களுக்கு யாரும் உண்மை சொல்வதில்லை.

செமிஃபைனலில் கபடி பாடி வந்தவளின் காலைக் கீதா பிடித்தபோது அந்தப் பெண்ணின் குதிகால் அவள் நெற்றிப்பொட்டில் இறங்கியது. லெஃப்ட் கார்னரில் நிற்கிறவளுக்கு நேர் எதிரே தெரிவது ரைட் கார்னரில் நிற்கிறவளின் முகம். மற்றவர்கள் பாடி வருபவளைப் பார்க்கலாம், நான் இவளையும் பார்த்தாக வேண்டும். ஃபைனல் தொடங்கும்போது அவள் பார்வை என் மேல் நிற்கவில்லை, எனக்குப் பின்னால் எங்கேயோ போனது. டைம் அவுட்டில் உங்களிடம் வந்து, "அக்கா, கீதா கண்ணு சரியில்ல" என்றேன். நீங்கள் நின்றுகொண்டே அவளைக் கேட்டீர்கள். அவள் உங்களுக்கு அந்தப் பதிலைச் சொன்னாள். நீங்கள் அவள் முதுகில் தட்டி உள்ளே அனுப்பினீர்கள். வெளியே ஈஸ்வரி சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

மலை ஏறும்போது ஜீப்பில் என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தாள். அப்புறம் கூப்பிட்டால் பதில் இல்லை. தனசேகரன் அண்ணன் வண்டியைத் திருப்பினார். ஆஸ்பத்திரியில் தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, நேரத்தோடு வந்திருக்கலாமே என்றார்கள். கப்பு அப்போதும் ஜீப்பில்தான் இருந்தது.

அன்பரசியைச் சேர்க்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். செல்லம்மா சித்திக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

நதியா

—

ஆலங்காயம்
7 ஜூலை 2024

நதியா,

'நீங்கள், நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். சேர்ந்து ஆடின காலமெல்லாம் என்னை 'நீ வாக்கா, நீ போக்கா' என்றவள் நீ. திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

சரி, நான் நின்றுகொண்டுதான் கேட்டேன். டைம் அவுட் என்றால் எவ்வளவு நேரம் தருவார்கள் என்று உனக்குத் தெரியாதா? வாயைத் துடைப்பதற்குள் விசில் அடித்துவிடுவான். அதற்குள் பாய் விரித்து உட்கார்ந்து, "சொல்லு கண்ணு" என்று கேட்க முடியுமா? கேப்டன் கேட்பாள், ஆடுகிறவள் சொல்வாள், கேப்டன் நம்புவாள். நம்பாவிட்டால் அது டீமே இல்லை. என்னை நம்பித்தானே நீங்கள் எல்லாரும் மலையிலிருந்து இறங்கி வந்தீர்கள்.

நானும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நீ அவள் எதிர் வீட்டுக்காரி. என்னிடம் சொன்னதோடு உன் வேலை முடிந்ததா? நீயே அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்து உட்கார வைத்திருக்கலாமே. நானும் அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை நதியா. கம்பெனியில் ஊசி விரலில் ஏறினால்கூடப் பக்கத்து மெஷின்காரியிடம் அதே சொல்லைச் சொல்கிறேன், சொல்லிவிட்டுக் கழிப்பறையில் போய் நிற்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் பேசினேன். ஒற்றுமை, ஒழுக்கம், வலி தாங்குவது, மூன்றையும் சொன்னேன். கீதா கதையைப் பாதி சொன்னேன், கப்பு வாங்கினதோடு நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று "ஒண்ணுமில்ல" என்று கத்தினார்கள். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே மேடையிலிருந்து இறங்கினேன்.

அன்பரசி விஷயம் என் கையை மீறிவிட்டது. போன ஞாயிறு செல்லம்மா அக்காவே அவளைக் காவலூருக்குக் கூட்டிவந்தாள். "வூட்ல குந்திகினு அழுதுகினே கீறா. சோறும் துன்றதில்ல. ஆடட்டும் மேரி. ஆடினா செத்துப்பூடுவா, ஆடலன்னாலும் செத்துப்பூடுவா போல" என்றாள். பெற்றவள் அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன சொல்ல? மோகன் சார் அவளை ரைட் கார்னரில் நிறுத்தினார். நதியா, அவள் கீதாவைவிட நன்றாகக் கால் பிடிக்கிறாள். இதை எழுத எனக்குக் கூசுகிறது. ஆனாலும் உண்மை.

ஆன்மேரி

—

நெல்லிவாசல்நாடு
18 ஆகஸ்ட் 2024

அக்காவுக்கு,

கொல்லையில் களை எடுக்கும்போதும் தண்ணீர் தூக்கும்போதும் நீங்கள் கேட்டதையேதான் நான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் வேறு எழுதிக் கேட்டுவிட்டீர்கள். இரண்டு நாள் உங்களை மனதுக்குள் வைதேன். மூன்றாம் நாள் ஓய்ந்துபோனேன். 'நீ' என்று எழுத இன்னும் கை வரவில்லை, அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

அன்பரசி ஊருக்கு வந்தாள். முட்டியெல்லாம் வீங்கியிருந்தது. "இன்னாடி இது?" என்றேன். என்ன சொன்னாள் என்று எழுத வேண்டியதில்லை. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவள் எழுந்து போய்விட்டாள். அக்கா செத்ததிலிருந்து யாரையும் பக்கத்தில் உட்கார விடுவதில்லை.

அவளை நிறுத்த என்னால் ஆகவில்லை, உங்களாலும் ஆகாது என்று தெரிகிறது. ஆகையால் ஒன்று மட்டும் செய்யுங்கள். அவளுக்கு அடிபட்டால் வலிக்கிறதா, என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விகளுக்கு எங்கள் வாயில் ஒரே பதில்தான் இருக்கிறது, கேட்டதும் தானாக வந்துவிடும். அந்தப் பதிலைச் சொல்ல முடியாத கேள்வியாகக் கேளுங்கள். கடைசியாக யார் பாடி வந்தாள், எதிரே யார் நிற்கிறாள், உன் வீட்டுப் பசு எப்போது ஈன்றது, இப்படி எதையாவது. தெளிவாகச் சொன்னால் விடுங்கள். தடுமாறினால் ஜெயிக்கிற ஆட்டமாக இருந்தாலும் வெளியே எடுத்துவிடுங்கள்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யாராவது கதையின் மீதியைச் சொல்ல வேண்டும். நீங்களே போய்ச் சொன்னால் நல்லது.

நதியா

—

ஆலங்காயம்
10 நவம்பர் 2024

நதியா,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் மூச்சு முட்டும் போலிருக்கிறது. என்னோடு பேசுகிற ஆள் இங்கே அம்மாவைத் தவிர யாரும் இல்லை.

மண்டலப் போட்டி வேலூரில் நடந்தது. ஜெயிக்கிற டீம் மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே நன்றாக ஆடினால் விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு எடுப்பார்கள். ஈஸ்வரி வீட்டில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள், வேலை கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒன்று இருந்தது. எனக்கு இருபத்தேழு முடிகிறது. இதை விட்டால் எனக்கு வேறு போட்டி கிடையாது.

ஃபைனல் வரை வந்தோம். இரண்டாம் பாதியில் சம நிலை. அன்பரசிதான் எங்களைத் தூக்கி நிறுத்தியிருந்தாள். அவளைத் தாண்டி யாரும் திரும்பிப் போகவில்லை. அப்போது ஓர் உயரமான பெண் பாடி வந்தாள், அன்பரசி காலைக் கவ்வினாள், பின்னாலேயே பக்கத்தில் கவரில் நின்றவளும் வந்து விழுந்தாள். கூட்டமாகச் சரிந்ததில் அன்பரசியின் பின்தலை தரையில் மோதியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. உடனே எழுந்து கை தட்டி நம் கூச்சலைக் கத்தினாள். கூட்டம் முழுக்க விசில்.

நான் டைம் அவுட் கேட்டேன். நீ சொன்னபடியே கேட்டேன். உட்கார்ந்து கேட்டேன் நதியா, மண்ணில் மண்டி போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "எதிர்ல லெஃப்ட் கார்னர்ல யாருடி நிக்கறா?" என்றேன்.

"நதியாக்கா" என்றாள்.

உடனே அவளை வெளியே அனுப்பி மாற்று ஆளை இறக்கினேன். மோகன் சார் ஓடிவந்து, "மேரி, இன்னா பைத்தியமா உனக்கு? அவ நல்லாத்தான் கீறா" என்று கத்தினார். அன்பரசி என் கையை உதறிக்கொண்டு, "ஒண்ணுமில்லக்கா, ஒண்ணுமில்லக்கா" என்று அழுதாள். அந்தச் சொல்லைக் கேட்கக் கேட்க நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். புதுப் பெண் பயந்துபோய் இரண்டு தடவை காலை விட்டாள். தோற்றுப்போனோம். பெரிய வித்தியாசத்தில்கூட இல்லை.

அங்கிருந்தே நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஸ்கேன் எடுத்தேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "தலையில ஒண்ணும் இல்லம்மா, கூட்டிட்டுப் போங்க" என்றார். டாக்டர் வாயிலும் அதே சொல்.

வெளியே பெஞ்சில் அன்பரசி என்னிடம் சொன்னாள்: "லெஃப்ட் கார்னர் பேரே நதியாதானக்கா. சாரு அப்டிதான் கூப்புடறாரு. நீயும் அப்டிதான் கூப்புடறே. நீ கார்னர் பேரைக் கேட்டே, நான் கார்னர் பேரைச் சொன்னேன். ஈஸ்வரி நிக்கறான்னு எனக்குத் தெரியாதா?"

அவள் சொல்வது சரியாக இருக்கலாம். இல்லை, அந்த நிமிஷம் உண்மையிலேயே உன்னைப் பார்த்தாளோ, பிறகு தெளிந்ததும் இப்படிச் சொல்கிறாளோ. எனக்குத் தெரியவில்லை. இனிமேலும் தெரியப்போவதில்லை. திரும்பி வரும்போது வேனில் யாரும் என்னோடு பேசவில்லை. ஈஸ்வரி மட்டும் இறங்கும்போது, "ஒருத்தி செத்ததுக்கு எங்க எல்லாரையும் சாவடிச்சிட்டே" என்றாள்.

நான் செய்தது சரியா?

ஆன்மேரி

—

நெல்லிவாசல்நாடு
24 நவம்பர் 2024

ஆன்மேரிக்கா,

சரி. நீ செய்தது சரி. இதை வேறு மாதிரிச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது.

படித்துவிட்டு முதலில் சிரிப்பு வந்தது. நான் கோபித்துக்கொண்டு மலையேறி வந்தேன், என் பேரை நீங்கள் அங்கேயே நிறுத்தி வைத்துவிட்டீர்கள், அது கடைசியில் உன் காலை வாரிவிட்டது. அப்புறம் அழுகை வந்தது. கீதா செத்தபோது அழுததற்குப் பிறகு இப்போதுதான் அழுதேன்.

அன்பரசி ஊரில்தான் இருக்கிறாள். சாமை அறுப்பு முடிந்து களத்தில் வேலை. யாரோடும் பேசாமல் கதிரைப் போரடிக்கிறாள். நேற்று என்னிடம் வந்து, "நீதானே அந்தக் கேள்விய எழுதிக் குடுத்தே?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்க அக்கா ஆடி செத்தா. அவளுக்காச்சும் கப்பு வந்துச்சு. என்ன நீங்க ரெண்டு பேரும் ஆட வுடாம சாவடிக்கிறீங்க" என்றாள். அவளை நான் அடிக்கக் கை ஓங்கினேன். நல்ல வேளை, செல்லம்மா சித்தி நடுவில் வந்தாள்.

வேறு ஒரு டீமிலிருந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். திருப்பத்தூர் பக்கம் என்றாள். நீ கொஞ்சம் விசாரித்துப் பார்.

நதியா

—

ஆலங்காயம்
15 டிசம்பர் 2024

நதியா,

விசாரித்தேன். கிறிஸ்துமஸ் வேலை, கம்பெனியில் ஓவர்டைம், எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போய் ஓர் ஆட்டமும் பார்த்தேன்.

முதலில் நம் கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் டீம் இப்போது இல்லை. ஈஸ்வரிக்கு நிச்சயமாகிவிட்டது, தை மாசம் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரவில்லை. மற்ற பெண்கள் ஆளுக்கொரு டீமாகப் போய்விட்டார்கள். மோகன் சார் மட்டும் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அம்மா போட்ட காபியைக் குடித்தார். "மேரி, கேப்டன்னா நெஞ்சுல கொஞ்சம் கல்லு வேணும். உனக்கு அது ஒடைஞ்சிபோச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டவில்லை. பரிதாபப்பட்டுச் சொன்னார், அதுதான் தாங்கவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போனேன், மீதிக் கதையைச் சொல்கிறேன் என்று. பரீட்சை நேரம், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். டீச்சர் என்னைக் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

அன்பரசியின் புது டீம். உயரமான ஆட்கள், நல்ல ஜெர்சி, நல்ல ஷூ. நம்மைவிடப் பெரிய டீம்தான். அவர்களின் கோச் மைக்கில் பேசினார்: "இந்தப் பொண்ண பாருங்க. எலும்பு ஒடஞ்சாக்கூட வாயைத் தொறக்க மாட்டா. எனக்கு இந்த மாதிரி ஏழு பேர் போதும்." அன்பரசி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கீதா சிரிப்புதான்.

ஆட்டத்தில் ஒரு தடவை மூக்கில் அடிபட்டு விழுந்தாள். எழுந்து கை தட்டி அந்தச் சொல்லைக் கத்தினாள். பிறகு அந்த ஏழு பேரும் சேர்ந்து கத்தினார்கள் நதியா. வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரிகளும் கத்தினார்கள். நான் சிரித்துக்கொண்டே தொடங்கி வைத்தது, இப்போது யார் யார் வாயிலோ இருக்கிறது. நான் கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றேன். உள்ளே போய் அவள் முகத்தைப் பிடித்துக் கேட்க நான் யார்? மூக்கிலிருந்து வழிந்ததைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டு ஆடினாள். ஜெயித்தார்கள்.

திரும்பும் வழியில் மாதா கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. சாமியிடமும் அதே பதிலைச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இனிமேல் நான் ஆடப்போவதில்லை. நல்ல டீமுக்கு என்னென்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

ஆன்மேரி

—

திருப்பத்தூர்
19 ஜனவரி 2025

ஆன்மேரிக்கா,

நீ உட்கார்ந்துகொண்டு படி. உனக்குக் கோபம் வரும்.

பொங்கலுக்கு அன்பரசி ஊருக்கு வந்திருந்தாள். மூக்கு கொஞ்சம் கோணலாகிவிட்டது. பள்ளிக்கூடத்துச் சின்னப் பெண்களைக் களத்தில் வரிசையாக நிறுத்திக் கபடி சொல்லிக்கொடுத்தாள். கால் எப்படிப் பிடிப்பது என்பதற்கு முன்னால், விழுந்தால் சத்தம் வராமல் எப்படி எழுவது என்றுதான் சொல்லிக்கொடுத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. வீட்டுக்குப் போய் என் பழைய ஷூவைத் தேடினேன். ஒரு பக்கம் எலி கடித்திருந்தது.

மறுநாள் அவள் ஜீப் ஏறும்போது நானும் ஏறினேன். அந்த கோச்சைப் போய்ப் பார்த்தேன். லெஃப்ட் கார்னர் ஆடுவேன் என்றேன். ஆட வைத்துப் பார்த்தார், எடுத்துக்கொண்டார். ஆமாம், நீ வெறுக்கிற அதே டீமில்தான் சேர்ந்திருக்கிறேன். "அடிபட்டா அழுவியா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். என் தோளில் தட்டினார். உன்னை விட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். உன்னிடம் இருந்தபோது இருந்த டீம் இனி எனக்கு எங்கேயும் அமையாது.

அப்பா பஞ்சாட்சரம் என்னோடு பேசவில்லை. செல்லம்மா சித்தி மட்டும் ரோடு வரைக்கும் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அன்பரசியின் முகம் எங்கிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியும் அக்கா. கயிற்றுக்கு வெளியே கூட்டத்தில் நின்ற உனக்குத் தெரியாது, மைக் பிடிக்கிற கோச்சுக்குத் தெரியாது. லெஃப்ட் கார்னரிலிருந்து மட்டும்தான் தெரியும். கீதாவின் கண் என்னைத் தாண்டிப் போன மாதிரி இவள் கண்ணும் ஒருநாள் போகும். போகாமலும் இருக்கலாம். போனால் நான் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை. இவளிடம் கேள்வி கேட்கவும் மாட்டேன், கேள்விகள் நம்மை ஏமாற்றிவிட்டன. ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் குறுக்கே ஓடி, அவள் இடுப்பைப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே இழுத்துக்கொண்டு விழுவேன். கோடு தாண்டினால் இரண்டு பேரும் அவுட். எந்த நடுவரும் அதை மறுக்க முடியாது. அவள் என்னைக் கடிப்பாள், கோச் என்னைத் துரத்துவார், அதற்குப் பிறகு எந்த டீமும் என்னைச் சேர்க்காது. அது நடக்கிற வரைக்கும் இந்த இடம் எனக்கு வேண்டும், அதற்காக இவர்கள் சொல்கிறபடி எல்லாம் ஆடுவேன். இவர்களோடு சேர்ந்து கத்தவும் செய்வேன். கத்தினேன். நேற்றே ஒரு தடவை கத்தினேன்.

முட்டியில் அடி. பிராக்டீஸில் பட்டது. கேட்டார்கள், சொன்னேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

பிப்ரவரியில் முதல் ஆட்டம், நாளும் இடமும் தனசேகரன் அண்ணனிடம் சொல்லி அனுப்புகிறேன். நீ வா. கம்பெனியில் லீவு தராவிட்டாலும் வா. வந்து எங்கள் பக்கம் நிற்காதே, ரைட் கார்னருக்குப் பின்னால் கயிற்றோரம் நில், அங்கிருந்து என் முகம் நேரே தெரியும். நான் அன்பரசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

நதியா